கேக் வகுப்பும் பாதை விளக்கும்

அன்புள்ள அக்கா,

எங்கள் தோட்டத்துப் பெண்களுக்காக ஓர் அமைப்பு 5,000 வெள்ளி தர முன்வந்திருக்கிறது. எதற்குச் செலவழிப்பது என்பதைப் பெண்களே முடிவு செய்யட்டும் என்றேன். கமிட்டிக்காரர்களோ, "அவங்ககிட்ட விட்டா சண்டைதான் மிஞ்சும்" என்கிறார்கள். நான் சொன்னது தவறா?

வாசகி, பாகான் செராய்

அன்புத் தங்கைக்கு,

தவறே இல்லை. விட்டுக்கொடுக்காதீர்கள்.

இங்கே நிபோங் திபாலில், பக்கத்துத் தோட்டத்தில், சில வருடங்களுக்கு முன் ஓர் அமைப்பு கோயில் மண்டபத்தில் கேக் வகுப்பு நடத்தி ஆளுக்கொரு ஓவன் கொடுத்தது. நாலைந்து மாதம் கழித்துப் போனேன். ஒரு வீட்டில் ஓவனுக்குள் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. "கரண்டு பில் யாருக்கா கட்டுறது?" என்றார் அந்தப் பெண். சரி, என்னதான் வேண்டியிருந்தது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. இரவு பதினொரு மணிக்கு பேக்டரி பஸ் பெரிய ரோட்டிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து லயம் வரைக்கும் செம்பனைக்குள் கும்மிருட்டு. அதற்குப் பயந்தே இரண்டு பெண்கள் வேலையை விட்டிருந்தார்கள். "நாலு விளக்கு போட்டிருந்தா போதும்கா." வகுப்புக்கு முன்னால் யாரும் இதைக் கேட்கவில்லை.

நீங்கள் சொல்வது புதுமையும் இல்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதியை மக்களே கூடிப் பிரித்தார்கள். நம் பினாங்கிலேயே 2012இல் தீவில் ஒன்று, செபராங் பிறையில் ஒன்று என இரண்டு அடுக்குமாடிகளில் குடியிருப்போரைக் கேட்டு, வாக்கெடுத்து, செலவை முடிவு செய்தார்கள். ஃப்ரீடா என்ற இளம் பெண்ணியவாதிகளுக்கான நிதியில், விண்ணப்பித்த குழுக்களே மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்து வாக்களித்திருக்கின்றன.

சண்டை வரத்தான் செய்யும். கமிட்டியிலும் வருகிறது, கதவைச் சாத்திக்கொண்டு! எனக்குள்ள பயம் வேறு. புருஷன் சொன்னதற்கே கை தூக்கிவிடுவார்கள். அதனால் கை தூக்கவே வேண்டாம்.

முதலில் தொகையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேலை இல்லாத ஞாயிறு மாலை கூடுங்கள். பிள்ளைகளை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். என்ன வேண்டும் என்று பெண்கள் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு மைலோ டின் வையுங்கள், மேலே படம் ஒட்டி. ஆளுக்கு மூன்று பால்மரக் கொட்டை. மறைவாகப் போய்ப் போடட்டும். கங்காணி வீட்டம்மாவுக்கும் மூன்று, தனியாகப் பிள்ளை வளர்ப்பவளுக்கும் மூன்று. அப்புறம் எல்லார் முன்னாலும் கொட்டி எண்ணுங்கள்.

தேதியை எழுதுங்கள். பாகான் செராய் பக்கம்தானே, வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா