எட்டு மாதமாகியும் தவழவில்லையே! – குழந்தை நலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு, என் மகளுக்கு இந்த நவம்பரோடு எட்டு மாதம் நிறைகிறது. மேட்டுப்பாளையத்தில் என் தாய்வீட்டில் இருந்தபோது பிறந்தாள். பிறந்த எடை 2.9 கிலோ. மூன்றாம் மாதம் முடிந்ததும், ஜூன் மழையில், கோத்தகிரிக்கு அழைத்து வந்தோம். பிறந்த நாள் முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவளைப் பற்றி மாதவாரியாக எழுதி வருகிறேன். நாற்பத்து மூன்றாம் நாள் என் முகத்தைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தாள். மூன்றாம் மாதம் தலை நின்றது; மலைப்பாதை வளைவுகளில் என் தோளில் இருந்தபடியே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்காம் மாதத்தில் தன் கையைத் தானே உயர்த்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக் கொண்டிருப்பாள். ஐந்தாம் மாதம் கட்டிலில் குப்புற விழுந்தாள். ஆறு மாதம் முடிந்து கேழ்வரகுக் கூழ் கொடுத்தேன். முதல் வாரம் முழுவதும் துப்பினாள். ஏழாம் மாதம் தலையணை அணைப்பு இல்லாமல் மெத்தையில் உட்கார்ந்தாள், கரண்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். இந்த மாதம் நான் சமையலறைக்குள் போனாலே அழுகிறாள். மாமனாரின் தம்பி தூக்க வந்தால் வீறிடுகிறாள். எடை 7.4 கிலோ. ஆனால் ‘தவழ்தல்’ என்று எழுதிய வரிக்கு எதிரே இன்னும் வெற்றுக் கோடுதான் இருக்கிறது. இவளுக்கு ஒரு வாரம் முன்பு பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்துபோய் நாற்காலியைப் பிடித்து நிற்க முயல்கிறான். “என் பிள்ளைகள் எல்லாரும் ஆறாம் மாதமே தவழ்ந்தார்கள்” என்கிறார் என் மாமியார். எட்டு மாதமும் எங்கள் கண்ணுக்கு நிறைவாகவே வளர்ந்தவள் இதில் மட்டும் ஏன் பின்தங்குகிறாள்? குளிரும் மழையுமான ஊர் என்பதால் கம்பளி உடுப்பு, குல்லா, காலுறை இல்லாமல் அவளை வைப்பதே இல்லை. பெரும்பாலும் யாராவது ஒருவர் கையிலோ தூளியிலோ கட்டிலிலோதான் இருப்பாள்.
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை ஒரு சொல்லைத் தேடியே படித்தேன், அது கிடைக்கவில்லை. கை இருக்கிறது, தோள் இருக்கிறது, தூளி, கட்டில், மெத்தை எல்லாம் இருக்கின்றன, தரை இல்லை. எட்டு மாதக் குறிப்பில் உங்கள் மகள் ஒரு நாளாவது தரையில் கிடந்ததாக ஒரு வரியும் இல்லை.

தவழுவதற்குக் குழந்தைக்கு அழுத்தமான ஒரு தளம் வேண்டும். உள்ளங்கையை ஊன்றினால் அது அமுங்கக் கூடாது; முழங்கால் வழுக்கவும் கூடாது, புதையவும் கூடாது. பஞ்சு மெத்தையில் கையை ஊன்றிய குழந்தை முகம் புதைந்து அழும், நாமும் உடனே ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வோம். தூளியிலோ தன் எடையைத் தானே தாங்க வேண்டிய தேவையே அதற்கு வராது. இவற்றோடு தடித்த கம்பளிக் கால்சட்டையும் காலுறையும் சேர்ந்தால், முழங்காலை மடக்குவதே அந்தச் சிறு உடலுக்குப் பெரும்பாடு. பக்கத்து வீட்டுச் சிறுவன் எந்தத் தரையில், எந்த உடுப்பில் வளர்கிறான் என்பதை ஒருமுறை எட்டிப் பாருங்கள்; ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அதையும் சேர்த்தே ஒப்பிடுவது நியாயம்.

இனி வயதுக் கணக்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதன்படி பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள், கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் நிகழ்கிறது. நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தினால், ஏறத்தாழ முதல் குழந்தைக்கும் தொண்ணூற்றொன்பதாவது குழந்தைக்கும் இடையே உள்ள இடைவெளி அது. தவழ்தலுக்கு மட்டும் அந்த இடைவெளி எட்டு மாதத்துக்கும் மேல் நீள்கிறது. உங்கள் மகள் அதன் முன்பாதியில்தான் இருக்கிறாள். அந்த 816 பேரில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே அடுத்த நிலைக்குப் போய்விட்டார்கள் என்பதையும் உங்கள் மாமியாரிடம் சொல்லலாம். அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, மாதக் கணக்கு நம் எல்லாருடைய நினைவிலும் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை அதிலிருந்தே நீக்கிவிட்டது. அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். தவழாத குழந்தைக்குக் குறை உண்டு என்பதில்லை. ஆனாலும் தவழ வாய்ப்பே தராமல் அப்படிச் சொல்லிக்கொள்வது சரியன்று.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களும் பத்துப் பருவங்களில் தவழ்தலுக்கென்று ஒரு பெயர் வைக்கவில்லை. ஐந்தாம் மாதத்துக்கு அவர்கள் வகுத்தது செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்ந்து குழந்தை ஆடும் பருவம். ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி, அதாவது உட்கார்ந்து கை கொட்டுதல். இரண்டுமே குழந்தையைக் கீழே விட்டால்தான் காணக் கிடைப்பவை.

நானும் பிள்ளை வளர்த்தவள்தான். குன்னூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் என் மகள் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே பின்புறத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தாள். கம்பளிக் கால்சட்டைகள் எல்லாம் பின்பக்கம் மட்டும் இழை பிரிந்து போயின. பகலில் மற்றவர் குழந்தைகளைப் பார்த்து “கவலைப்படாதீர்கள்” என்று சொல்லிவிட்டு, இரவில் புத்தகத்தைப் புரட்டிய மருத்துவர் நான். அவள் பதினைந்தாம் மாதம் நடந்தாள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளியது. அறையிலேயே வெயில் விழும் இடத்தைத் தேர்ந்து, கீழே ஒரு கோரைப்பாய், அதன்மேல் மடித்த ஜமக்காளம், அதற்கும் மேல் இழுத்துச் செருகிய பருத்தி விரிப்பு என்று அமைத்தால் சிமென்ட் தரையின் குளிர் ஏறாது, மெத்தையைப் போல் அமுங்கவும் செய்யாது. மழை விடாத நாளில் சன்னலை அடைத்த உள்ளறை போதும். உடுப்பில் ஒரு தடித்த அடுக்குக்குப் பதிலாக இரண்டு மெல்லிய அடுக்குகள் போடுங்கள். நீளக் கவுன் முழங்காலுக்கு அடியில் சிக்கும் என்பதால் வேண்டாம். தரையில் விடும் நேரத்தில் காலுறையைக் கழற்றிவிடுங்கள், கால்விரல்கள் ஊன்ற வேண்டும். கையும் காலும் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பிடரியிலும் நெஞ்சிலும் தொட்டுப் பார்த்து அங்கே கதகதப்பாக இருந்தால் குழந்தைக்குக் குளிரவில்லை என்று பொருள். முதலில் ஐந்து நிமிடம், ஒரு நாளில் பல முறை, குப்புறப் போட்டு, எட்டாத தூரத்தில் அவளுக்குப் பிடித்த அந்தக் கரண்டியை வையுங்கள். நீங்களும் எதிரே குப்புறப் படுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மாமியார் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூடுபனியில் வெயில் காணாத மாதங்களைக் கழித்தவள் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன்: வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கிறீர்களா? பிறந்தது முதல் ஓராண்டு வரை நாளொன்றுக்கு 400 அலகு கொடுப்பது இன்று குழந்தை மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. அதன் குறை முற்றினால் எலும்பும் தசையும் வலுவிழந்து, உட்காருவதும் நிற்பதும் தாமதமாகும். எந்த மருந்தில் எத்தனை சொட்டு என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு மிகுந்தாலும் தீங்கு உண்டு.

எடை 7.4 கிலோ என்பது நன்று. எட்டு மாதப் பெண் குழந்தைகளின் நடு அளவு 7.9 கிலோ, கீழ் எல்லை 6.3 கிலோ.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரண்டியைக் கை மாற்றியதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று பேசத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது சாட்சி. சமையலறைக்குப் போனால் அழுவதையும் சின்னத் தாத்தாவைக் கண்டு வீறிடுவதையும் குறையைப் போல் எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்கு மறைந்த அம்மா எங்கோ இருக்கிறாள் என்று அறிந்ததால்தான் அவள் அழுகிறாள், வீட்டு முகத்தையும் வேற்று முகத்தையும் பிரித்தறிவதால்தான் வீறிடுகிறாள். ‘ஆள் தெரிகிறது’ என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். ‘தவழ்தல்’ என்ற வெற்றுக் கோட்டுக்குக் கீழே இதை எழுதுங்கள்.

ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்குப் போகும்போது, தாய் சேய் நல அட்டையோடு இந்த நோட்டையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் உட்காரும் பழக்கம் குறைந்தாலோ, ஒரு கையையோ ஒரு காலையோ மட்டுமே பயன்படுத்தினாலோ, உடல் விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலோ, கற்ற ஒன்றை மறந்ததுபோல் விட்டுவிட்டாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்; அன்றே காட்டுங்கள். நீங்கள் எழுதியவற்றில் இவற்றின் அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

கேள்வி: என் மகனுக்கு ஐந்தாம் மாதம் அங்கன்வாடியில் எடை பார்த்தபோது 7.1 கிலோ. ஆறாம் மாதம் வேறோர் இடத்தில் பார்த்தால் 6.9 கிலோ. நன்றாகத்தான் பால் குடிக்கிறான், விளையாடுகிறான். எடை குறைவது ஆபத்தல்லவா?
– ஒரு தந்தை, குன்னூர்

பதில்: எடை உண்மையிலேயே குறைந்திருந்தால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: முதல் முறை அவன் என்ன உடுத்தியிருந்தான்? நம் மலையில் குழந்தையை ஸ்வெட்டர், குல்லா, நனைந்த அரைத்துணி, சில சமயம் சால்வை என எல்லாவற்றோடும் சேர்த்து நிறுத்துவிடுகிறார்கள். குளிருகிறதே என்ற இரக்கம்தான் காரணம். இவை மட்டுமே எளிதாக அரை கிலோவைத் தொடும். இரண்டு எடைக் கருவிகள் ஒரே கணக்கைச் சொல்லும் என்ற உறுதியும் இல்லை. ஒரே கருவியில், உடுப்பைக் களைந்து, பால் குடிப்பதற்கு முன், அறையைக் கதகதப்பாக்கிவிட்டு, இந்த வாரமே ஒருமுறையும் இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் பாருங்கள்.

எடை ஏறும் வேகமும் ஒரே சீராக இருக்காது. ஆண் குழந்தைகளின் நடு அளவை எடுத்துக்கொண்டால், பிறக்கும்போது 3.3 கிலோவாக இருப்பது மூன்று மாதத்தில் 6.4 கிலோவாகிறது, அதாவது மாதம் ஏறத்தாழ ஒரு கிலோ. ஆறாம் மாதம் 7.9, ஒன்பதாம் மாதம் 8.9, ஓராண்டில் 9.6. முதல் மூன்று மாதத்துக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பிறகு வரும் மாதங்களை அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அட்டையில் உள்ள கோடு தன் வழியிலேயே மேலேறுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் கழித்தும் ஏறாமலோ இறங்கியோ இருந்தாலும், இடையில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ஆறு மாதம் நிறைந்துவிட்டதால் தாய்ப்பாலோடு குழைத்த உணவும் தொடங்க வேண்டும். பருப்புச் சாதத்தில் உங்கள் ஊர் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து மசித்துச் சேர்த்தால் போதும்.

கேள்வி: என் பேரன் 34 வாரத்திலேயே பிறந்துவிட்டான். பத்தாம் வாரத்தில்தான் முகம் பார்த்துச் சிரித்தான். மற்ற குழந்தைகளைவிட எல்லாமே ஒரு மாதம் தள்ளிப் போகிறது.
– ஒரு பாட்டி, கூடலூர்

பதில்: நிறைமாதம் 40 வாரம் என்றால் அவன் ஆறு வாரம் முன்னதாக வந்தவன். இரண்டு வயது வரை, வளர்ச்சியைக் கணிக்கும்போது அந்த ஆறு வாரத்தைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும். பத்தாம் வாரச் சிரிப்பு அப்படிப் பார்த்தால் நான்காம் வாரச் சிரிப்பு, தாமதமே இல்லை. தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு பொருந்தாது. அது பிறந்த தேதிப்படியே போட வேண்டும். முன்னதாகப் பிறந்தவன் என்பதால் கண், காது பரிசோதனைகள் முடிந்தனவா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்பது மாதப் பேத்தி சீக்கிரம் நடக்கட்டும் என்று, உட்காரவைத்து ஓட்டும் வாக்கர் ஒன்றை மகன் வாங்கி வந்திருக்கிறான். பயன்படுத்தலாமா? இரவில் அவள் படுக்கும் அறையில் கரிக் கணப்பு வைக்கிறோம்.
– ஒரு தாத்தா, உதகை

பதில்: வாக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அதில் தொங்கும் குழந்தை நடக்கக் கற்றுக்கொள்வதில்லை. கால் நுனியால் உந்திக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் படியை அடைந்துவிடும். சரிவில் கட்டிய நம் ஊர் வீடுகளில் அறைக்கு அறை படி இருக்கிறது. கனடா 2004லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. அந்தக் காலத்து மர நடைவண்டி வேறு வகை. தானாக எழுந்து நிற்கும் குழந்தை அதைப் பின்னாலிருந்து தள்ளும். அவள் நிற்கட்டும், பிறகு பார்வையில் வைத்துக்கொண்டு கொடுக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது வாக்கரைவிடக் கணப்புதான். மூடிய அறையில் கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவர்கள் உறக்கத்திலேயே மயங்கிவிடுவார்கள். பேத்திக்கு மட்டுமல்ல, அந்த அறையில் படுக்கும் உங்கள் எல்லாருக்கும் அது உயிராபத்து. இன்றிரவு முதல் கணப்பை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். படுப்பதற்கு முன் வெந்நீர்ப் பையால் படுக்கையைச் சூடாக்கி, குழந்தையைக் கிடத்தும் முன் பையை எடுத்துவிட்டு, உடலோடு பொருந்திய கம்பளி உடுப்பில், முகம் மூடாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள்.