செல்ல நாய்க்குத் திடீரென ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் அதை எப்படித் தாங்குவது?

"ஆறு வயது நாய். நேற்றுவரை ஓடியாடிக்கொண்டிருந்தது. இன்று ஸ்கேன் எடுத்துவிட்டு, நாளைக் காலையே ஆபரேஷன் என்கிறார்கள். கை கால் ஓடவில்லை, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன ஆபரேஷன் என்று எழுதவில்லை. எதுவானாலும் பொருந்துவதை முதலில் சொல்லிவிடுகிறேன்: நாளைய ஒரு நாளுக்கே உங்கள் தெம்பு முழுவதையும் செலவழித்துவிடாதீர்கள். நாளை வேலை டாக்டருக்கு. உங்கள் வேலை அதற்கு மறுநாள்தான் தொடங்கும், அது ஒரு வாரம் பத்து நாள் நீளும். முந்தின இரவு தூங்காமல், சாப்பிடாமல், அழுது களைத்துவிட்டு, நாய் வீட்டுக்கு வந்ததும் நாமே படுத்துக்கொண்டால் அதைப் பார்ப்பது யார்?

எங்கள் வீடு சேலத்தில். செவலை நாட்டு நாய்தான், வாசலில் குட்டியாக வந்து ஒண்டியவள். ஒரு மே மாதம் வாந்தி எடுக்கத் தொடங்கினாள். வெயில் என்று நினைத்தோம். பக்கத்து கிளினிக்கில் வாந்தி நிற்க ஊசி போட்டார்கள், ஒரு நாள் நின்றது, அப்புறம் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. வயிறு கல் மாதிரி இறுகிவிட்டது. முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பாள். வயிற்று வலி உள்ள நாய்கள் இப்படி நிற்கும் என்று பிறகு தெரிந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் குடலை ஏதோ அடைத்திருப்பது தெரிந்தது. மாங்கொட்டை.

சேலத்தில் மே மாதம் மாங்கொட்டை இல்லாத வீடு ஏது? எக்ஸ்ரேயில் எலும்பும் இரும்பும் பளிச்சென்று தெரிவதுபோல மாங்கொட்டை தெரியாது, பல நேரம் ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும். இரைப்பையிலேயே இருந்தால் சில சமயம் எண்டோஸ்கோப் விட்டு எடுத்துவிடலாம். குடலுக்கு இறங்கி அடைத்துக்கொண்டால் கத்திதான்.

வீட்டில் அடுத்து வந்தது மருத்துவம் சம்பந்தப்பட்ட பிரச்சினையே இல்லை. யார் போட்ட கொட்டை? என் மாமனாருக்கு மாம்பழம் சாப்பிட்டு முடித்ததும் கொட்டையை அவளுக்குச் சப்பக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அத்தை பிடித்துக்கொண்டார். "சொன்னேனே, கேட்டீங்களா?" என்று வழி நெடுக. மாமா வாயே திறக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு தொடங்கியிருக்கலாம்: கேட்டைத் திறந்து விட்டது யார், முன்னாடியே டாக்டரிடம் காட்டாதது யார் என்று. தையல் பிரிக்கும்வரை அந்தப் பேச்சு வேண்டாம் என்று யாராவது ஒருவர் கறாராகச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அதைச் சொன்னது நான்தான், மருமகள் சொல்லி மாமியார் கேட்ட அபூர்வமான நாள் அது. மாமாவின் மனப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கியவர் டாக்டர். கொட்டை வாரக்கணக்கில்கூட இரைப்பையில் சும்மா கிடந்துவிட்டு, பிறகு ஒரு நாள் குடலுக்கு நகர்ந்து அடைக்குமாம். எந்தக் கொட்டை, யார் இலையில் விழுந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். தெருமுனைக் குப்பையையும் அவள் கிளறாமல் விட்டதில்லை.

இப்போது டாக்டரிடம் கேட்க வேண்டியவை. பயம் ஆறுதல் வார்த்தையில் குறைந்ததாக எனக்கு நினைவில்லை. உள்ளே என்ன செய்யப்போகிறார்கள் என்று புரிந்தபோதுதான் குறைந்தது. ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம், அதில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தால் அறுக்கும்போது ரத்தம் நிற்காது. தட்டணு எண்ணிக்கை பார்த்தார்களா, தேவைப்பட்டால் ரத்தம் கொடுக்க வழி உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். நாய்க்கு இன்னொரு நாய்தான் ரத்தம் தர முடியும், அதை ராத்திரி பதினொரு மணிக்குத் தேட முடியாது. ஆபரேஷனைச் சில மணி நேரம் தள்ளி வைத்து முதலில் டிரிப்ஸ் ஏற்றினால் பதறாதீர்கள். வாந்தியில் நீரும் உப்பும் இழந்த உடம்பு மயக்க மருந்தைத் தாங்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

பணத்தையும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். உள்ளே திறந்து பார்த்தால் எல்லாம் நன்றாக இருந்தால் எவ்வளவு, மோசமாக இருந்தால் எவ்வளவு என்று இரண்டு தொகையாகக் கேட்பது நல்லது. குடல் சிவப்பாக உயிரோடு இருந்தால் ஒரு கீறல் போட்டுப் பொருளை எடுத்துத் தைத்துவிடுவார்கள். கறுத்துப்போயிருந்தால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்து இரு முனையையும் இணைக்க வேண்டும், அது வேறு வேலை, வேறு செலவு. தனியார் மருத்துவமனைத் தொகை கட்டுப்படியாகாவிட்டால் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் இருப்பது 1903இல் தொடங்கியது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் உண்டு. அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டும், ஆனால் செலவு பல மடங்கு குறையும். "தெரு நாய்க்கா இவ்வளவு செலவு?" என்று கேட்க ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். அவருக்குப் பதில் சொல்லும் நேரத்தில் ஒரு காபி குடிக்கலாம்.

ஒரு கேள்விக்கு மட்டும் இன்றிரவே வீட்டில் பதில் முடிவு செய்துவிடுங்கள். திறந்து பார்த்து, காப்பாற்ற வழியில்லை என்று தெரிந்தால், மயக்கத்திலிருந்து எழுப்பாமலே போகவிடலாமா என்று டாக்டர் போன் செய்து கேட்கக்கூடும். அந்தப் போனை எடுப்பது யார்? ஒரே ஒருவராக இருக்கட்டும். எங்களுக்கு அந்த அழைப்பு வரவில்லை. ஆனால் என் கணவர்தான் எடுப்பார், அவர் சொல்வதற்கு மேல் பேச்சில்லை என்று முன்பே பேசிவைத்திருந்ததால் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிந்தது. கையெழுத்து வாங்கும் தாளில் "உயிருக்கு ஆபத்து நேரலாம்" என்று இருக்கும். மனிதர்களுக்கான தாளிலும் அதேதான் இருக்கிறது. உங்கள் நாய்க்கென்று தனியாக எழுதியதில்லை.

அத்தை மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். கேலியாக இல்லாமல்தான் சொல்கிறேன், காத்திருக்கும் நேரத்தில் கைக்கு ஒரு வேலை அது.

மயக்கம் தெளியும்போது பார்க்கச் சகிக்காது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கண் பாதி திறந்திருக்கும், நாக்கு தொங்கும், உடம்பு சில்லென்று நடுங்கும், நம்மையே அடையாளம் தெரியாததுபோல முனகும். முனகல் எல்லாம் வலி இல்லை, மருந்தின் குழப்பமும்தான். போர்வை போதும். பெயரைச் சொல்லி எழுப்பிக்கொண்டே இருக்காதீர்கள்.

குடல் ஆபரேஷனில் அதிகம் பயப்பட வேண்டியது மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை. தையல் போட்ட இடம் கசிந்தால் பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும். அதுவரை நன்றாகத் தேறிக்கொண்டிருந்த நாய் திடீரெனச் சோர்ந்து படுத்தால், மறுபடி வாந்தி எடுத்தால், வயிற்றைத் தொட விடாவிட்டால், ஈறு வெளுத்தால், காலைவரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். ஜுரம் பார்க்கும்போது ஒரு விஷயம்: நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணச் சூடு. இது தெரியாமல் நாங்கள் முதல் இரவே டாக்டரை எழுப்பிவிட்டோம், அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்தார். வலிக்கு என்று நம் வீட்டுப் பாரசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் நாய்க்கு ஆபத்து. டாக்டர் எழுதியதை மட்டும், எழுதிய நேரத்தில்.

சூட்டையும் மாத்திரை நேரத்தையும் எழுதும் பொறுப்பை மாமாவிடம் கொடுத்தோம். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு கஞ்சி, மூத்திரம் போனாளா, வெளிக்குப் போனாளா என்று ரேஷன் கடைக்காரர் போல எழுதினார். பேசாமல் இருந்த மனிதர் அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கினார். குற்ற உணர்ச்சியில் இருப்பவருக்கு வேலை கொடுங்கள். "உங்க தப்பு இல்லை" என்று நூறு தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறப்போவதில்லை.

சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. குழைந்த சாதம், எலும்பில்லாத வேகவைத்த கோழி. வெங்காயமும் பூண்டும் கூடாது, அவை நாய்க்கு நஞ்சு. நம் வீட்டுச் சமையலில் அவை இல்லாத குழம்பு ஏது, அதனால் மீதிக் குழம்பைக் கலக்கும் பழக்கத்தையே நிறுத்துங்கள். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைப் பாவம் என்று கழற்றிவிடத் தோன்றும். கழற்றினால் ஒரே ராத்திரியில் தையலை நக்கிப் பிரித்துவிடும். தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை மாடிப்படி வேண்டாம், கயிற்றில் பிடித்துத்தான் வெளியே.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் "ஊருக்குப் போயிருக்கு" என்றெல்லாம் சொல்லாதீர்கள். என் மகளிடம் வயிற்றை அறுத்துக் கொட்டையை எடுக்கிறார்கள் என்றே சொன்னோம். அவளுக்கு அந்தக் கொட்டையைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் கவலை.

இனி உங்கள் நாய்க்கு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் என்றால் ஆபரேஷனை ஒத்திப்போடாதீர்கள், சீழ் உள்ளே அடைபட்டிருந்தால் கர்ப்பப்பை கிழியும் அபாயம் உண்டு. இரைப்பையே உள்ளே திருகி முறுக்கிக்கொண்டது என்றால் நாளைக் காலை என்ற பேச்சே கிடையாது, இப்போதே செய்யக் கேளுங்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் இதயத் துடிப்பைக் கண்காணிக்க வேண்டியிருக்கும், அங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னால் விட்டுவிட்டு வாருங்கள். மண்ணீரல் கட்டி என்றால் எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்பினார்களா, ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பதை அந்த ரிப்போர்ட்தான் சொல்லும், அதற்கு முன்னால் ராத்திரி உட்கார்ந்து இணையத்தில் தேடாதீர்கள்.