நிழல் விழாத தூரம்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

என் மகள் சென்ற ஆகஸ்டில் பாஸ்டன் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்தாள். தினமும் விளக்கேற்றும் வீட்டில் வளர்ந்தவள். இப்போது வெள்ளிக்கிழமை மாலையானால் யூதத் தோழிகளோடு சாப்பாடு, ரமலானில் இஃப்தார் என்கிறாள். “எல்லா மதத்துக்கும் இங்கே சாப்ளின், அதாவது மாணவர்களுக்குத் துணை நிற்கும் மத ஆலோசகர், உண்டும்மா, நமக்கும் ஒருவர் இருக்கிறார்” என்கிறாள். படிக்கப் போன இடத்தில் இதெல்லாம் எதற்கு? எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிச் சொல்லியே கடைசியில் எதுவும் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் பக்கம் சில காலம் இருந்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன்.

வி., திருச்சி

அன்புள்ள வி.,

‘எல்லாம் ஒன்றுதான்’ விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். கீதையில் இரண்டு சுலோகம், பைபிளில் ஒரு வசனம், குரானில் ஒரு பத்தி, முடிந்ததும் குழுப்படம். அப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யார் மனமும் கரைந்து நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் மகள் சொல்வது அது இல்லையே. பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போகிற மாதிரி அவள் போய்வருகிறாள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அங்கே இருந்தபோது நான் திரும்பத் திரும்பப் போன இடங்கள் இரண்டு. ஒன்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் சாப்பல், அதாவது பிரார்த்தனைக் கூடம். கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்தது, 1955இல் திறந்தது. வெளியிலிருந்து பார்த்தால் செங்கல்லால் எழுப்பிய ஓர் உருளை, அவ்வளவுதான். பார்வை மட்டத்தில் ஜன்னலே கிடையாது. உள்ளே போனால், கூரையின் வட்டத் திறப்பு வழியாக வெளிச்சம் இறங்கி ஒரு வெள்ளைச் சலவைக்கல் மேடைமேல் விழுகிறது. அதன் பின்னால் சிற்பி ஹாரி பெர்டோயா செய்த சின்னச் சின்ன உலோகத் தகடுகள் சரம்சரமாகத் தொங்குகின்றன. கட்டடத்தைச் சுற்றி ஆழமில்லாத ஓர் அகழி. அந்தத் தண்ணீரில் பட்ட வெயில் கீழ்ப்பக்க இடைவெளிகளில் நுழைந்து உள்சுவரில் அலைந்துகொண்டே இருக்கும். எந்த மதத்தின் சின்னமும் நிரந்தரமாக அங்கே இல்லை.

இன்னொன்று பிரண்டைஸ் பல்கலைக்கழகம், காரில் போனால் அரை மணி நேரம். அங்கேயும் அதே 1955இல்தான் கட்டினார்கள், ஆனால் மூன்று சாப்பல்கள். யூதருக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று, புராட்டஸ்டன்ட்டுகளுக்கு ஒன்று. நடுவில் சின்னக் குளம். ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழாத தூரத்தில் மூன்றையும் நிறுத்தியிருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1920களிலிருந்து அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பல, யூதப் பிள்ளைகள் அதிகம் வந்துவிடக் கூடாது என்று கதவைப் பாதி சாத்தி வைத்திருந்தன. அந்த அவமானத்தை அனுபவித்த சமூகம் 1948இல் தன் பணத்தில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கி, எல்லாருக்கும் திறந்துவிட்டு, கிறிஸ்தவ மாணவர்களுக்கும் இரண்டு பிரார்த்தனைக் கூடம் கட்டிக்கொடுத்தது. அந்தக் குளக்கரையில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

எனக்குப் பிடித்தது பிரண்டைஸ் வழி. அவரவர் சாமி, அவரவர் கூரை, நிழல் மட்டும் விழ வேண்டாம். ஆனாலும் அதில் ஒரு குறை உண்டு. 1955இல் அமெரிக்கா என்றாலே அந்த மூன்று மதம்தான். 1965இல் குடியேற்றச் சட்டம் மாறி, இந்தியர்களும் மற்ற ஆசியர்களும் வரத் தொடங்கினார்கள். இந்துவும் முஸ்லிமும் பௌத்தரும் வந்து சேர்ந்தபோது குளக்கரையில் நான்காவது கட்டடம் எழவில்லை, அவர்களுக்குக் கிடைத்தவை அறைகள்தான். எம்.ஐ.டி.யின் வெறும் உருளையில் பின்னால் வந்தவர்களுக்கும் இடம் இருந்தது. அதனால் அதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

அப்புறம், இதெல்லாம் நிர்வாகம் மட்டும் யோசித்துச் செய்ததில்லை. இலினாய் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானா-ஷாம்பெய்னில்தான் 1923இல் யூத மாணவர்களுக்கான ஹில்லெல் என்ற அமைப்பு தொடங்கியது. நாற்பது ஆண்டு கழித்து, 1963இல், முஸ்லிம் மாணவர் சங்கமும் அதே ஊரில்தான் பிறந்தது. சோளக்காடு சூழ்ந்த ஒரு கல்லூரி ஊர். வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தொழவும் பண்டிகை கொண்டாடவும் நாலு பேர் தேவைப்பட்டார்கள். உங்கள் மகளுக்கும் அதுதான் தேவை. டிசம்பரில் அந்தப் பக்கம் மாலை நாலேகாலுக்கே இருட்டிவிடும், வி. பனியில் நடந்து அறைக்கு வந்து தனியே கதவைத் திறக்கிற பிள்ளைக்கு, இன்று இந்த வீட்டில் விளக்கேற்றுகிறார்கள், வா என்று ஒருத்தி கூப்பிடுவது சின்ன விஷயம் இல்லை.

சாப்ளின் என்றதும் மதம் மாற்றுகிறவர் என்று நினைக்க வேண்டாம். பல பல்கலைக்கழகங்களில் அப்படி ஆள் சேர்க்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளேயே விடுகிறார்கள். ராத்திரி ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், பரீட்சையில் மனம் உடைந்தால், பக்கத்தில் வந்து உட்காருவதுதான் அவருக்கு முக்கியமான வேலை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், புராட்டஸ்டன்ட்டுகளில் ஒரு பிரிவினரான பிரெஸ்பிட்டேரியன்கள் 1746இல் தொடங்கியது. 2008இல் அங்கே முழுநேர இந்து சாப்ளினை நியமித்தார்கள். அந்தப் பிரம்மாண்டமான கோதிக் சாப்பலுக்குள் தீபாவளி ஆரத்தி நடக்கிறது. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், உங்கள் ஊர் ஜோசப் கல்லூரியை நடத்தும் அதே ஏசு சபையுடையது. அங்கே 1999இல் முஸ்லிம் சாப்ளின் வந்தார், 2016இல் இந்து சாப்ளின். ஹார்வர்டில் 2021இல் சாப்ளின்கள் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்.

எல்லாம் இனிமையாக இருக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2023 அக்டோபரில் இஸ்ரேல்-காசா போர் வெடித்த பிறகு அந்த வளாகங்கள் பிளந்துபோயின. எந்தச் சாப்பலும் அதைத் தடுத்துவிடவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் கூட்டறிக்கை எதற்கும் உதவாது, முன்பே ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் இருந்தால் அவர்கள் மட்டும்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேச முடியும் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுவீர்கள். யூதர்களின் உணவு விதியான கோஷர் முறையில் பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது, இரண்டுக்கும் பாத்திரம்கூடத் தனித்தனி. பால் பக்கம் மீனும் முட்டையும் வரலாம், இறைச்சி வராது. மகளிடம் கேட்டுப் பாருங்கள், இதையெல்லாம் அவள் இதற்குள் கரைத்துக் குடித்திருப்பாள். அவள் விளக்கேற்றுவதை விட்டாளா என்று கேட்காதீர்கள். கார்த்திகைக்குத் தோழிகள் அவள் அறைக்கு வந்தார்களா, என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

பட்டமளிப்புக்குப் போவீர்கள் அல்லவா? ஒரு வெள்ளிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள் தொடங்குகிற மாலையில், அந்தத் தோழிகள் வீட்டுக்கு நீங்களும் போய்வாருங்கள். சூரியன் மறைவதற்குள் போய்விட வேண்டும், மெழுகுவத்தி அதற்கு முன்பே ஏற்றிவிடுவார்கள். கைபேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். முறுக்கு, அதிரசம் வேண்டாம், வேறு சமையலறையில் செய்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். வெட்டாத பழமாக வாங்கிப் போங்கள்.