ஆங்கிலக் காலங்கள்: முதலில் நேரச் சொல்லைத் தேடுங்கள்

‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ ஏன் தவறு?

யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 ஆகியவை முடிந்துபோன நேரத்தைக் காட்டுபவை. ‘ஹேவ் சீன்’ போன்ற ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட்டோ நடந்ததை இன்றைய நிலையோடு இணைப்பது. இரண்டும் ஒட்டாது. ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’ என்று எழுதுங்கள். யெஸ்டர்டேயை நீக்கினால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம்’ சரிதான். ‘திஸ் மார்னிங்’ மட்டும் பேசும் வேளையைப் பொறுத்தது. காலை இன்னும் முடியவில்லை என்றால் ஹேவ் வரலாம். மாலையில் சொன்னால் ‘ஐ சா’ போன்ற சிம்பிள் பாஸ்ட்தான்.

‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2018’ சரியா?

இல்லை. ‘2018 முதல் வேலை செய்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியதால் வரும் பிழை இது. மிகப் பரவலானது, முதலில் களைய வேண்டியதும் இதுவே. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ், கால அளவுக்கு ஃபார்: ‘சின்ஸ் 2018’, ‘ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’. நோ (தெரிதல்), பிலீவ் (நம்புதல்) போன்ற நிலையைக் குறிக்கும் வினைகள் இங்கே ஐஎன்ஜி ஏற்பதில்லை. ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘டிட் யூ வென்ட்?’

‘டிட் யூ கோ?’ என்பதே சரி. இறந்தகாலத்தை டிட் சுமந்துவிட்டது. வினை மூலவடிவில் நிற்கும். ‘டிட்நாட்’டுக்குப் பிறகும் அப்படியே.

‘ஹேட்’ எப்போது?

நேற்று நடந்த ஒற்றைச் செயலுக்கு ‘ஐ ஹேட் கான்’ என்று எழுதாதீர்கள். ‘ஐ வென்ட்’ போதும். இறந்தகாலத்தில் ஒரு கட்டத்தில் நின்று, அதற்கும் முன்பு நடந்ததைச் சொல்லவே ஹேட். ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்’ என்றால் ரயில் முன்பே போய்விட்டது. ‘லெஃப்ட்’ என்று மட்டும் எழுதினால், நான் போய்ச் சேர்ந்ததும் கிளம்பியது என்றாகும். பிஃபோர், ஆஃப்டர் இருந்தால் வரிசை தெளிவு. அங்கே ஹேட் கட்டாயமில்லை.

‘வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்’ என்பதில் என்ன பிழை?

நேரத்தையும் நிபந்தனையையும் காட்டும் வென், இஃப், அன்டில் பகுதிகளில் எதிர்காலத்துக்கும் நிகழ்கால வினையே வரும்: ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்’. ஆனால் ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ சரியான வாக்கியம். அங்கே வென் பகுதி, ‘எது தெரியாது?’ என்பதற்கு விடையாக நிற்கிறது.