ஹாஸ்பிஸ் என்றதும் மகள் கோபப்பட்டது பற்றி

வணக்கம் சகோ. அட்லாண்டாவில் உங்கள் வார்டில் இருக்கும் 78 வயதுக் கறுப்பினப் பாட்டியின் மகள், ஹாஸ்பிஸ் (இனிக் குணமாகாது என்ற நிலையில் வலியைத் தணித்துக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு) என்றதுமே “எங்கம்மாவைக் கைகழுவப் பார்க்கிறீங்களா?” என்று சீறியதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை. பக்கத்து அலபாமாவில், டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு, அதைக் குணமாக்கும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல் அரசு மருத்துவர்களே வேடிக்கை பார்த்தார்கள். அது வெளியே வந்தபோது இந்தப் பாட்டி இருபதைத் தாண்டியவர். மறந்திருப்பாரா?

கையேட்டை நீட்டாதீர்கள். “அம்மா எதற்குப் பயப்படுகிறார்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். அப்புறம் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் ஹாஸ்பிஸ் விதியைச் சொல்லலாம்: முதலில் 90 நாள் வீதம் இரண்டு தவணை, பிறகு 60 நாளுக்கொரு முறை நீட்டிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் ஹாஸ்பிஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வழக்கமான சிகிச்சைக்குத் திரும்பலாம். டிஎன்ஆர் (இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்ற படிவம்) கையெழுத்தும் கட்டாயமில்லை. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு எரிச்சல்தான் வரும். சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்றால் பாஸ்டரையும் பேச்சில் சேர்க்கலாமா என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். வீட்டு ஹாஸ்பிஸ் என்றால் நர்ஸ் வந்து போவார். ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான். மகள் வேலைக்குப் போகிறவரா?