கோழியின் கண் வீங்கினால் முதலில் மூக்கைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மொட்டை மாடியில் இரண்டு ஆண்டுகளாக ஐந்து நாட்டுக்கோழிகளை வளர்த்து வரும் அவர், மூன்று வாரங்களுக்கு முன் சந்தையிலிருந்து ஒரு விடைக்கோழியை வாங்கி அவற்றோடு சேர்த்திருக்கிறார். இப்போது ஒரு பெட்டைக்கு மூன்று நாட்களாக இடக்கண் வீங்கி மூடியிருக்கிறது, ஓரத்தில் சோப்பு நுரை போல நீர் கட்டுகிறது. நேற்றிலிருந்து இன்னொரு கோழியும் தும்முகிறது. தீவனம் பெரும்பாலும் ரேஷன் அரிசிச் சோறும் குருணையும்தான். "பக்கத்து வீட்டுப் பெரியம்மா சின்ன வெங்காயச் சாறு விடச் சொல்கிறார். அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுத்த சொட்டு மருந்தும் மீதம் இருக்கிறது. எதை விடலாம்?" என்பது அவருடைய கேள்வி.

இரண்டையும் விட வேண்டாம். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு தரப்படும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன் அல்லது பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். கோழியின் கருவிழியில் கொத்துப்பட்டோ தூசி உரசியோ ஒரு சிறு கீறல் இருந்தால்கூட, ஸ்டீராய்டு அந்தப் புண்ணை ஆற விடாது. புண் ஆழமாகிக் கருவிழி துளைபட்டு, கண்ணையே இழக்க நேரலாம். வெங்காயச் சாறு எரிச்சலைக் கூட்டும். எரிச்சல் தாங்காமல் கோழி கால் நகத்தால் கண்ணைச் சொறிந்து, இல்லாத காயத்தை உண்டாக்கிக்கொள்ளும். பெரியம்மா அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் கண்ணுக்குள் விடும் எதுவும் கண்ணீரைப் போல உறுத்தாததாக இருக்க வேண்டும்.

கோழிக்குச் சளி பிடித்தால் கண் ஏன் வீங்குகிறது என்பது விளங்கிவிட்டால், மற்றவை எளிதாகும். கோழியின் கண்ணுக்குக் கீழே, மூக்கோடு தொடர்புடைய ஒரு சளிப்பை இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் எலும்புச் சுவர் கிடையாது, தோல் மட்டுமே மூடியிருக்கிறது. ஆகவே மூக்கில் சளி கட்டியதும் அந்தப் பை உப்பி, கண்ணே வீங்கியது போலத் தெரிகிறது. மேலும், பறவைகளின் சீழ் நம்முடைய சீழைப் போல நீர்த்து வடிவதில்லை. அதை இளக்கும் நொதி அவற்றின் வெள்ளணுக்களில் இல்லாததால், அது பாலாடைக்கட்டி போல இறுகி உள்ளேயே தங்கிவிடுகிறது. நாள் கடந்தால் தானாக வடிந்துவிடும் என்று காத்திருப்பது இதனால்தான் பயன் தருவதில்லை.

எனவே கோழியை மடியில் வைத்து, ஒரு துண்டால் இறக்கையோடு சுற்றிக்கொண்டு, முதலில் மூக்குத் துளைகளைப் பாருங்கள். பிறகு அலகைத் திறந்து வாய்க்குள் பாருங்கள். அதன் பிறகு கண்ணுக்கு வாருங்கள். ஒரே கோழிக்கு ஒரு கண்ணில் மட்டும் தொல்லை, மூக்கு சுத்தம், வேறெந்தக் கோழிக்கும் தும்மல் இல்லை என்றால் அடிபட்டதாகவோ தூசி விழுந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவினால் தொற்று. எல்லாக் கோழிகளுக்கும் இரு கண்களும் ஒரே சமயத்தில் கலங்கி, மூக்கில் சளியே இல்லையென்றால், கூண்டின் காற்றையோ தீவனத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

நம் வாசகியின் கோழியைப் பொறுத்தவரை, நுரைத்த கண்ணும் அடுத்த கோழியின் தும்மலும் புதிய கோழியின் வரவும் சேர்ந்து மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியையே முதலில் நினைக்கச் செய்கின்றன. வளர்ப்பவர்கள் "சளி" என்று பொதுவாகச் சொல்வதில் ஒரு பெரும்பகுதி இதுதான். இது மெல்லப் பரவும். மூச்சு விடும்போது கரகரப்பு கேட்கும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். இதற்கு நெருங்கிய இன்னொன்று கொரைசா. அதில் ஓரிரு நாட்களுக்குள் முகம் உப்பும், மூக்கிலிருந்து வரும் சளி துர்நாற்றம் வீசும், கூட்டம் முழுவதும் வேகமாக விழும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். இரண்டுக்குமே டைலோசின், ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற எதிருயிரி மருந்துகள் உண்டு. ஆனால் எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கோழியின் எடையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மருந்து கொடுக்கும் நாட்களிலும், அதற்குப் பின் மருத்துவர் குறிப்பிடும் நாட்கள் வரையிலும் அந்த முட்டைகளை வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. குணமான கோழிகூடக் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும் என்பதால், இந்தக் கூட்டத்திலிருந்து கோழியையோ அடைமுட்டையையோ பிறருக்குக் கொடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தீவனத்தைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. தீட்டிய அரிசியில் வைட்டமின் ஏ அறவே இல்லை. சோற்றையும் குருணையையும் மட்டுமே மாதக்கணக்கில் தின்னும் கோழிக்குக் கண்ணையும் மூக்கையும் மூடிக் காக்கும் ஈரச் சவ்வு காய்ந்து தடித்துப்போகும்; இமைகள் ஒட்டிக்கொள்ளும்; உள்ளே வெள்ளைக் கட்டி சேரும்; வாய்க்குள் சிறு வெண்கொப்புளங்கள் தெரியும். இது தனி நோயாகவும் வரும், சளிக்குக் கதவைத் திறந்தும் விடும். மஞ்சள் கரு வெளிறிப்போயிருந்தால், தீவனத்தில் பச்சையும் மஞ்சளும் குறைந்துவிட்டன என்பதற்கு அது ஓர் அடையாளம். முருங்கைக் கீரை, மஞ்சள் மக்காச்சோளம், பழுத்த பப்பாளி, கேரட் ஆகியவற்றில் கிடைப்பதைத் தினமும் கொடுங்கள். அடிப்படைத் தீவனமாக முட்டைக்கோழித் தீவனத்தை வைத்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் நாட்பட்டும் அதிலுள்ள வைட்டமின் குறைந்துபோகும் என்பதால், மூட்டையாக வாங்காமல் மூன்று, நான்கு வாரத்துக்கு மட்டும் வாங்குவது நல்லது.

வடசென்னையின் மாடிக் கூண்டுகளில் நான் அடிக்கடி காணும் இன்னொரு குறை, ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பயந்து தார்ப்பாயால் நான்கு பக்கமும் இறுக மூடிவிடுவது. எச்சம் ஈரத்தோடு சேர்ந்து அழுகும்போது அம்மோனியா கிளம்பிக் கண்ணை அரிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது கோழிப்பண்ணைகளில் பின்பற்றும் வரம்பு. அளக்கக் கருவி வேண்டாம். காலையில் கூண்டைத் திறந்ததும் கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நெடி அடித்தால் கோழிக்கு அது அளவு மிஞ்சியதுதான். சாரல் வரும் பக்கத்தை மட்டும் மூடி, கூரைக்குச் சற்றுக் கீழே காற்று போக இடைவெளி விட்டு, ஈரமான மரத்தூளை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

இமையிலும் கொண்டையிலும் மரு போன்ற பொருக்குகள் தெரிந்தால் அது அம்மை. கொசு வழியாகப் பரவும் வைரஸ் நோய் என்பதால், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளில் கூண்டுக்குக் கொசுவலை கட்டுவது அவசியம். பொருக்கைப் பிய்க்காதீர்கள், தோலில் மட்டும் வந்தது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் உதிரும். வீக்கமில்லாமல் பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம் மட்டும் சாம்பல் நிறமாகி, பாப்பாவின் விளிம்பு நெளிந்து போனால் அது மாரெக்ஸ் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தில்லை. கரப்பான் பூச்சியைத் தின்பதால் வரும் கண்புழுவும் உண்டு. மூன்றாம் இமைக்கடியில் மெல்லிய நூல் போல நெளியும் அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கண் வீங்கியதையும் தும்முவதையும் மற்றவற்றிலிருந்து பிரித்து, வெயில் நேரடியாகப் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தையும் தனியாக்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைனை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, பஞ்சை அதில் நனைத்து, இமைமேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்து ஊற விடுங்கள். ஒட்டியது இளகியதும், ஊசி இல்லாத சிரிஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் கழுவுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை போதும். கட்டியை நகத்தாலோ குச்சியாலோ நோண்டாதீர்கள். கண் தெரியாத கோழி பக்கத்தில் தீவனம் இருந்தும் பட்டினி கிடக்கும். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள், கத்தி முனை போலத் துருத்தினால் மெலிந்துவிட்டது என்று பொருள். தீவனத்தைக் குழைத்து அலகுக்கு நேரே வைத்து, அலகு நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டினால் பெரும்பாலான கோழிகள் தாமே குடிக்கத் தொடங்கும். நோயுற்றதைக் கடைசியாகத் தொடுங்கள், பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கோழிகளைக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோயின் வைரஸ் மனிதர் கண்ணிலும் சிவப்பை உண்டாக்கும்.

நாளையே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் பகுதியின் அரசு கால்நடை மருந்தகம் போதும். கட்டியை எடுக்க வேண்டியிருந்தால் வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம். முகம் முழுவதும் வீங்கிக் கொண்டை நீலம் பாரித்தாலோ, கழுத்து திருகிப் பச்சை கலந்த கழிச்சல் போனாலோ, ஒரே நாளில் இரண்டு கோழி இறந்தாலோ எதையும் அறுக்கவோ குப்பையில் போடவோ செய்யாமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். அது வெள்ளைக் கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கக்கூடும்.

பெட்டையின் கண் தெளிந்து, மருந்து முடிந்து, இரண்டு வாரம் தும்மலின்றி இருந்த பிறகு பழைய கூண்டில் சேர்க்கலாம். இனி வாங்கும் கோழியை, நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், 30 நாட்கள் தனியே வைத்திருங்கள்.