குளோரின் நெடி அடித்தால் குளம் சுத்தமா?

கேள்வி: என் ஒன்பது வயது மகன் கோடை விடுமுறையில் நீச்சல் பழகுகிறான். குளத்திலிருந்து வந்த இரவில் முழங்கை மடிப்பிலும், நீச்சல் உடை இறுக்கிய இடுப்பிலும் சொறிந்துகொண்டே இருக்கிறான். குளத்தருகே போனாலே குளோரின் நெடி மூக்கைத் துளைக்கிறது. மருந்தை அதிகமாகப் போடுகிறார்களோ என்று சந்தேகம். அந்த நீரில் குளோரோஃபார்ம் கலந்திருக்கிறது என்று உறவினர் ஒருவர் வேறு பயமுறுத்துகிறார். உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவித்தான் அனுப்புகிறேன். நீச்சலை நிறுத்திவிடலாமா?
— வாசகி, கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: நீச்சலை நிறுத்த வேண்டாம், குளத்துக்குப் போகும் முன் தடவும் எண்ணெயை நிறுத்துங்கள்.

அந்த நெடி பெரும்பாலும் குளோரினுடையது அன்று. பிளீச்சிங் பவுடரோ குளோரின் மாத்திரையோ நீரில் கரைந்து உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம், கிருமிகளைக் கொல்வதற்குப் பதிலாக, குளிப்பவர்களின் வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியா, அம்மோனியா போன்றவற்றோடு சேர்ந்து குளோரமின்களாக மாறிவிடுகிறது. அவற்றுள் ட்ரைகுளோரமின் எளிதில் காற்றில் கலந்து, கண்ணை எரிய வைத்து, இருமலையும் வரவழைக்கும். ஆகவே நெடி தூக்கலாக இருந்தால் மருந்து கூடிவிட்டது என்பதைவிட அழுக்கு கூடிவிட்டது என்றே கொள்ள வேண்டும். மருந்தைக் குறைக்கச் சொல்லிவிடாதீர்கள். குளோரின் போதாத நீரில் சூடோமோனாஸ் என்னும் கிருமி பெருகி, மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் உண்டாக்கும். கிருமியைக் கொல்லும் தனிக் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது இருக்கிறதா, குளோரமினாக மாறியது 0.4-க்குள் நிற்கிறதா என்று குளத்தைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள்.

தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்றுப் புளிப்பானது. அதன் பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-ஐ ஒட்டியிருக்கும். குள நீரையோ 7.2 முதல் 7.8 வரை வைத்திருப்பார்கள். அதில் ஒரு மணி நேரம் ஊறும் தோல் தன் எண்ணெய்ப் பசையை இழந்து வறள, குளோரினும் குளோரமின்களும் அதை உறுத்துகின்றன. ஈர உடைக்கடியில் அந்த நீர் தேங்குவதால் இடுப்பில் அரிப்பு கூடுகிறது. இது பெரும்பாலும் ஒவ்வாமை அன்று, வெறும் எரிச்சல்தான். ஆனால் முழங்கை மடிப்பு என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்தால், மகனுக்குக் கரப்பான் (எக்சிமா) தன்மை முன்பே இருந்து, குளம் அதைத் தூண்டியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

குளோரோஃபார்ம் பற்றி உறவினர் சொன்னது பொய்யன்று. குளோரின் கலந்த குடிநீரிலும் அது உருவாவதை 1974-லேயே கண்டறிந்தார்கள். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடலுக்குள் செல்லும். ஆயினும் அளவு மிகச் சிறிது. திறந்தவெளிக் குளத்தில் காற்றோடு போய்விடும். கூரையிட்ட, காற்றோட்டமற்ற குளமென்றால் நான் யோசிப்பேன்.

உடம்பில் தடவிய எண்ணெயும் குளத்தில் கலந்து குளோரினைத் தின்னும். அதற்குப் பதில், இறங்கும் முன் 1 நிமிடம் ஷவரில் நின்று குளிக்கட்டும். வியர்வையும் அழுக்கும் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். கரையேறியதும் ஈர உடையைக் கழற்றி, வீட்டில் உப்புத் தண்ணீர் போர் இருந்தாலும் அன்றைக்கு மட்டும் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். கடின நீரில் சோப்பு நுரைக்காமல் தோலில் படிந்து அரிப்பைக் கூட்டும். துவட்டிய ஈரம் காயும் முன்னே அதே தேங்காய் எண்ணெயைத் தடவலாம். நீர் கசிந்தாலோ சீழ் பிடித்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது ஆறும்வரை குளத்துக்கு அனுப்ப வேண்டாம்.